போல்ட்டுக்குள் கண்ட ஊசிகள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. ஒரு மாதத்துக்கு மாடிப்படி ஏறாதே, டாக்டர் சொன்னதைக் கேள். கவிதா மெட்டலர்ஜியில் சேர்ந்ததை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனி எழுதுவதை அவளிடமும் காட்டு.

போன மாதம் எங்கள் லேபுக்கு நான்கு போல்ட்டுகள் வந்தன. இன்கோனெல் 718, அதாவது சூடு தாங்கும் ஒரு நிக்கல் கலவை. ஓர் ஆலையில் சூடான பகுதியில் மூன்று வருடம் இருந்தவை. இறுக்கம் தளர்ந்துபோனதால் கழற்றி அனுப்பியிருந்தார்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ராக்வெல் சி அளவில் 43 இருக்க வேண்டிய கடினம் 33தான் காட்டியது. ஒன்றை அறுத்தேன். காலேஜ் லேபில் நாம் இருவரும் நகம் தேயத் தேய எமரித்தாளில் தேய்த்தோமே, அதே வேலைதான். பாலிஷ் போட்டு, அமிலம் காட்டி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், கிரெயின் எல்லைகளிலிருந்து, அதாவது உலோகத்தின் குட்டிப் படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களிலிருந்து, கிளம்பி உள்ளே நீண்டு, களத்தில் வைக்கோலை உதறிப் போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஊசிகள். டெல்டா கட்டம், அதாவது கலவைக்குள் தனக்கென்று ஓர் அணு வரிசையோடு விளையும் பகுதி.

நிக்கல் 1455 டிகிரியில் உருகும் வரை தன் அணு அடுக்கை மாற்றிக்கொள்வதே இல்லை. இரும்பைப் போல நடுவழியில் வேறு அமைப்புக்குத் தாவாது. அந்த அடுக்குதான் காமா, கலவையின் அடித்தளம். ஆனால் அது தனியாக அவ்வளவு பலம் தராது. பலம் அதற்குள் விளையும் துகள்களில் இருக்கிறது. ஜெட் எஞ்சின் பிளேடுகளில் அது காமா பிரைம்: மூன்று நிக்கலுக்கு ஓர் அலுமினியம். ஒற்றைப் படிக பிளேடில் சுமார் 70 சதவீதம் அதுவேதான். சின்னச் சின்னக் கட்டிகளாக நெருங்கி நிற்கும், இடையில் காமா ஒரு சந்து அளவுக்குத்தான் ஓடும். சூடு ஏற ஏற, ஏறக்குறைய 700, 800 டிகிரி வரை, காமா பிரைமின் பலம் கூடிக்கொண்டே போகும். முப்பது வருடமாகத் தெரிந்த விஷயம்தான், இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

718-இல் முக்கிய வேலை காமா டபுள் பிரைமுக்கு. மூன்று நிக்கலுக்கு ஒரு நியோபியம். 720 டிகிரியில் எட்டு மணி நேரம், பிறகு 620-இல் எட்டு மணி நேரம் உலையில் வைத்தால், நானோமீட்டர் கணக்கில் குட்டிக் குட்டித் தட்டுகளாக வரும். காமாவின் அடுக்கோடு ஒட்டியே இருக்கும், ஆனால் ஒரு பக்கமாகச் சற்று நீண்டிருப்பதால் சுற்றிலும் இழுவிசை. அந்த இழுவிசைதான் பலம். இப்போது கவிதா கவனிக்க வேண்டிய இடம்: டெல்டாவும் அதே மூன்றுக்கு ஒன்றுதான்! அதே அணுக்கள், வேறு வரிசை. அந்த வரிசைதான் நிலையானது. டபுள் பிரைம் வழியில் தங்கியிருக்கும் நிலை. 650 டிகிரிக்குக் கீழே அது நகர்வது மிக மெதுவாக, அதனால் பல வருடம் தாங்கும். அதற்கு மேல் நெடுநாள் வைத்தால் தட்டுகள் பருத்து, கரைந்து, அவற்றின் நியோபியத்தை எடுத்துக்கொண்டு டெல்டா வளரும்.

ஆலைக்காரர்கள் 650-ஐத் தாண்டவில்லை என்றே எழுதித் தந்திருந்தார்கள். இவ்வளவு டெல்டா அந்தச் சூட்டில் மூன்று வருடத்தில் வராது. படத்தோடு அறிக்கை அனுப்பினேன். பிறகு பார்த்ததில், சூடு அளக்கும் தெர்மோகப்பிள் போல்ட்டுகளிலிருந்து தள்ளி, காற்று படும் இடத்தில் இருந்திருக்கிறது. யாருக்கும் அடிபடும் முன் தெரிந்ததே, அது போதும்.

அதற்காக டெல்டா என்றாலே கெட்டது என்று கவிதா எழுதிவிட வேண்டாம். ஃபோர்ஜிங்கின்போது, அதாவது சூடாக்கி அடித்து வடிவம் கொடுக்கும்போது, கிரெயின் எல்லையில் கொஞ்சம் டெல்டா இருந்தால், கிரெயின்களைப் பெருக்கவிடாமல் அதுதான் பிடித்து நிறுத்தும். இன்னொன்று, அவை உண்மையில் ஊசிகளே இல்லை. மெல்லிய தகடுகள். நாம் வெட்டிய முகத்தில் விளிம்பு மட்டும் தெரிவதால் ஊசி போலத் தோன்றுகின்றன.

அறுத்த துண்டை அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். பொங்கல் லீவில் அழைத்துக்கொண்டு வா. அதற்குள் உன் முழங்காலும் சரியாகிவிடும்.

அன்புடன்,
ராஜு