பிரிக்காதே, அளந்து பார்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. துணி வெட்டி வெட்டி மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். உருளைக் கத்தியின் பிளேடு மழுங்கினால்தான் அவ்வளவு அழுத்த வேண்டிவரும். முதலில் அதை மாற்று. மேசை உயரத்தையும் பார். குனிந்து வெட்டினால் தோள் வலியும் சேர்ந்துகொள்ளும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வைக்காக உங்கள் குழுவில் மாற்றிக்கொண்ட பிளாக்குகளில் (போர்வையின் ஒவ்வொரு சதுரமும் ஒரு பிளாக்) ஒன்று கால் அங்குலம் சின்னதாக இருக்கிறது, பிரித்துத் திரும்பத் தைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பிரிக்காதே. பிரித்துத் தைத்தால் அளவு சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அது உனக்குத் தந்தவர் தைத்தது இல்லை, நீ தைத்தது. உன் தையல் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நீயே தைத்திருக்கலாமே.

எனக்கும் இதேபோல் ஒன்று வந்தது. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு வடிவம் எடுத்துக்கொண்டு ஒரே மாதிரி பன்னிரண்டு பிளாக் தைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்ததும் வடிவத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஒவ்வொருவருக்கும் திரும்பி வரும். பின்னணி எல்லோருக்கும் வெள்ளை; மற்ற நிறம் அவரவர் விருப்பம். அளவு 12.5 அங்குலம், சேர்த்துத் தைத்ததும் 12 ஆகும். வந்ததை எல்லாம் அளந்தேன். பதினொன்று சரியாக இருந்தன. ஒன்பது சதுரங்களைச் சேர்த்துத் தைத்த பிளாக் மட்டும் 12.25.

ஏன் குறைந்தது என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்ததுமே தெரிந்தது. தையலுக்குக் கால் அங்குலம், அதாவது இரண்டு நூல் விட வேண்டும் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அதைத் தைத்தவர் இரண்டரை நூல் விட்டிருக்கிறார். அரை நூல்தானே என்று தோன்றும். ஆனால் தையலின் இரண்டு பக்கத்துத் துணியிலும் அரை நூல் போகிறது. ஆக ஒரு தையலுக்கு ஒரு நூல். ஒரு வரிசையில் மூன்று சதுரம், இரண்டு தையல்; ஆக இரண்டு நூல், கால் அங்குலம். கவனக்குறைவே இல்லை. எல்லாத் தையலிலும் அதே இரண்டரை நூல், நேர்கோடு. மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் ஓரத்தை நம்பித் தைத்திருக்கிறார், பாதம் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

மற்றவற்றையும் 12.25க்கு வெட்டிவிடலாமே என்று நினைக்காதே. நட்சத்திர வடிவங்களின் கூர்முனை ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி நிற்கும். ஓரத்தை வெட்டினால் சேர்க்கும்போது முனை தையலுக்குள் போய் மழுங்கிவிடும். நான் செய்தது இதுதான்: பன்னிரண்டு பிளாக்குக்கும் நான்கு பக்கமும் 2 அங்குலப் பட்டை வைத்துத் தைத்தேன். பிறகு பிளாக்கை நடுவில் வைத்து எல்லாவற்றையும் 14.5க்கு வெட்டினேன். சின்ன பிளாக்கின் பட்டை மற்றவற்றைவிட ஒரு நூல் மட்டும் அகலமாகத் தெரியும். எனக்கு அது எது என்று தெரியும். பார்க்கிறவர்கள் யாருக்கும் தெரியாது. மூன்றுக்கு நான்காக வைத்தால் 42க்கு 56 அங்குலம் வந்துவிடும். மடியில் போட்டுக்கொள்ளப் போதும்.

பட்டையைச் சுற்றிலும் ஒரே நீளமாகத் தைத்துக்கொண்டே போகாதே, ஓரம் அலை அலையாகிவிடும். பிளாக்கின் நடுவே அளந்து, அந்த நீளத்துக்குப் பட்டையை வெட்டிக்கொண்டு பிறகு தை.

இப்போது என் விஷயம். நான் எடுத்தது நட்பு நட்சத்திரம் என்ற வடிவம். ஒரு பிளாக்குக்கு, இரண்டு முக்கோணம் சேர்ந்த கட்டம் நான்கு, மொத்தம் நாற்பத்தெட்டு. 4 அங்குலக் கட்டம் வர 4⅞ அங்குலத்தில் வெள்ளையும் சிவப்பும் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபக்கமும் தைத்து, கோட்டின் மேல் வெட்டி இரண்டாக்கினேன். அளவு ஒரு நூல் பிசகவில்லை, எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் சிவப்புத் துணியை அலசாமலே வெட்டிவிட்டேன். பிளாக் எல்லோர் கைக்கும் போனபிறகு, ஒருவர் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டிருக்கிறார். வெள்ளையெல்லாம் ரோஸ். அவர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் பதினோரு பேருக்கும் நானே சொன்னேன். அலசிய துணியில் பன்னிரண்டையும் புதிதாகத் தைத்தேன், இரண்டு மாதம் ஆனது. ஒன்பது பேர் பழையதைத் திருப்பித் தந்தார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே சேர்த்துத் தைத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் என் பிளாக்கை மட்டும் சுற்றிலும் பிரித்து மாற்றிக் கொடுத்தேன். என் தையலை நான் பிரிப்பதில் எனக்கு வருத்தமில்லை.

ஒன்று சொல்கிறேன், இனிமேல் நீ சிவப்பு, அடர்நீலம் எது எடுத்தாலும் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பார். துளி நிறம் ஏறினாலும் அலசு. அலசியும் ஏறினால் அந்தத் துணியை இன்னொருவருக்குப் போகும் பிளாக்கில் வைக்காதே.

அப்புறம், பெயர் எழுதுவது பற்றி. நம் கையெழுத்து பிளாக்கில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அமெரிக்காவில் 1840களில் நட்பு கில்ட் என்று ஒன்று பரவலாக இருந்தது. ஊரைவிட்டுத் தூரம் போகிறவர்களுக்கு உறவும் நட்பும் ஆளுக்கொரு பிளாக் தைத்து, அதில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். இரும்பு கலந்த மையில் எழுதிய சில பழைய கில்ட்டுகளில் மை துணியையே அரித்துவிட்டது. சுற்றிலும் துணி நன்றாக இருக்க, பெயர் இருந்த இடம் மட்டும் ஓட்டை. இதைப் படித்த நாளிலிருந்து துணிக்கென்று விற்கும், அமிலமில்லாத நிறமிப் பேனா தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. துணிக்குப் பின்னால் ஃப்ரீசர் பேப்பரின் (ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய தாள்) பளபளப்பான பக்கத்தை வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும். துணி நகராது, எழுதியதும் உரித்துவிடலாம்.

நம் இருவருக்கும் நடுவில் இத்தனை வருடத்தில் ஒரு பிளாக்கைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை என்று உன் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. இதனுடன் ஒரு நட்சத்திரம் அனுப்புகிறேன். அலசிய சிவப்புதான், இரண்டு தடவை அலசினேன். பதிலுக்கு உன்னுடையது ஒன்று வேண்டும். வெள்ளைப் பின்னணி, 12.5. எந்த வடிவமானாலும் சரி. மூலையில் உன் பெயரும் வருடமும் எழுது. அளவு குறைந்திருந்தால் பிரித்துத் தைத்துக்கொண்டு உட்காராதே, அப்படியே அனுப்பு. என்னிடம் பட்டைத் துணி மிச்சம் இருக்கிறது.

மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி