அன்னதானக் கூடம்: மேல்தளத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

கூடத்தின் மேல்தள வேலை முடிந்துவிட்டது. சுவருக்குள் முனை மக்கிப்போன தேக்கு உத்தரங்களை எடுத்துவிட்டு, சுவருக்குச் சுவர் 6 மீட்டர் இடைவெளிக்கு இரும்பு கர்டர்கள் வைத்துப் புதுத்தளம் போட்டிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டியாயிற்று. வேலையின்போது பலர் கேட்ட கேள்விகளுக்குத்தான் இந்த அறிக்கை.

கல்லிலேயே போட்டிருக்கலாமே என்றார்கள். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. உத்தரம் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. கல் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பது அதனால்தான். பந்தி நடக்கிற கூடத்தில் நடுவே தூண் நின்றால் பரிமாறுகிறவர் பாடு திண்டாட்டம். தவிர, டெல்டாவில் கல் ஏது? தஞ்சைப் பெரிய கோயிலுக்கே வெளியூர்க் கல்தான்.

அடுத்து, கர்டர் ஏன் இவ்வளவு பெரிசு? 125 மி.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ, தட்டோடும் அதன் அடிப்பூச்சும் சுமார் 200. ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875-இன்படி 150 கிலோ சேர்த்தால் போதும். ஆனால் கும்பாபிஷேகத்தன்று நம் ஜனம் எங்கே நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கூட்டம் கூடும் இடத்துக்கான 500 கிலோவையே எடுத்துக்கொண்டோம். ஆக, சதுர மீட்டருக்கு ஒரு டன்.

கர்டர்களுக்கு நடுவே 3 மீட்டர். ஒவ்வொன்றும் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் தளத்தைச் சுமக்கிறது. சொந்த எடையோடு மீட்டருக்கு 3.1 டன், ஒவ்வொரு முனையிலும் சுவருக்கு இறங்குவது 9 டன்னுக்குச் சற்று மேல். நடுவில் வளைவு விசை, அதாவது கர்டரை வளைக்கப் பார்க்கும் விசை (எடையையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது), ஏறத்தாழ 14 டன்-மீட்டர். இதற்கு 400 மி.மீ. உயரமுள்ள கர்டரே தாங்கும், ஆனால் முழுச் சுமையில் 12, 13 மி.மீ. தொய்யும். 450 வைத்தால் அது 8, 9க்கு இறங்கிவிடுகிறது. தட்டோடு விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்தால் என்ன செலவாகும் என்பதைப் பழைய தளமே காட்டிவிட்டது. கூடுதல் இரும்புக்கான பணம் வீண் இல்லை என்பதே குழுவின் முடிவு.

முனைகளைச் சுவரோடு இறுக்காமல் கான்கிரீட் படுகையின் மேல் சும்மா உட்கார வைத்ததைச் சிலர் குறை என்றார்கள். நம் களிமண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். ஒரு சுவர் கொஞ்சம் இறங்கினாலும் இறங்கும். இறுக்கிக் கட்டிய உத்தரத்தில் அந்த இறக்கமே புது விசையை உண்டாக்கும். தாங்கலில் சும்மா உட்கார்ந்த உத்தரமோ லேசாகச் சாயும், அவ்வளவுதான். வெயிலில் நீளவும் ஒரு முனையில் நீள்துளை விட்டிருக்கிறோம்.

கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி. 1000 லிட்டர் என்றால் தண்ணீரே ஒரு டன். கர்டரின் நடுவில் வைத்தால் வளைவு விசை 1.5 டன்-மீட்டர் கூடும். சுவரிலிருந்து ஒரு மீட்டரில் வைத்தால் 0.83தான். அதே ஒரு டன் நீளம் முழுக்கப் பரவியிருந்தால் 0.75. தொட்டியைச் சுவரோரம் தள்ளியது இதனால்தான், இடத்தை அடைக்க அல்ல. மணல், செங்கல் எதையும் மாடி நடுவில் குவிக்க வேண்டாம். மாடிச் சாவி கோயில் அலுவலகத்தில் இருக்கும்.

திருப்பணிக் குழுவினர்