முப்பரிமாணப் பாடம் எழுதுகிறவர்களே, பதிப்பு எண்ணைப் போடுங்கள்

வலைப்பக்கத்துக்குள் முப்பரிமாண உலகம் கட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் பாடங்களை வைத்துத்தான் நான் படிக்கிறேன். காசு வாங்காமல் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறீர்கள், அந்த நன்றி எப்போதும் உண்டு. அதனால்தான் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

போன வாரம் மூன்று இரவு ஒரே பாடத்தோடு உட்கார்ந்திருந்தேன். உலாவியில் முப்பரிமாணக் காட்சி வரைய உதவும் த்ரீ.ஜேஎஸ் என்ற நிரல் நூலகத்தில் ஒரு பெரிய கூடம்: நான்கு சுவர், நடுவில் ஒரு மேசை, உயரத்தில் ஒரு விளக்கு. பாடத்தில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் அடித்தேன். ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்க இருட்டு. உலாவி பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரு பிழைச்செய்தி இல்லை. சிவப்பில் ஏதாவது வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தேடியாவது இருப்பேன். கேமராவைத் திருப்பினேன், பின்னால் நகர்த்தினேன், சுவருக்கு வேறு நிறம் கொடுத்தேன், கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன். அதே இருட்டு. இது நமக்கு வராது என்று மூன்றாம் இரவு முடிவே கட்டிவிட்டேன்.

தப்பு என்னுடையது இல்லை. 2023-இல் வந்த த்ரீ.ஜேஎஸ் 155-ஆம் பதிப்பிலிருந்து விளக்குகள் இயற்பியல் கணக்குப்படி எரிகின்றன. 1 அலகு தூரத்தில் கிடைக்கும் வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குதான் 10 அலகு தள்ளி நிற்கும் சுவருக்குப் போய்ச் சேரும். முன்பெல்லாம் எல்லை எதுவும் கொடுக்காத விளக்கு எவ்வளவு தூரம் போனாலும் மங்காது. பாடத்தில் விளக்கின் வலு 1 என்று இருந்தது. 200 என்று மாற்றினேன். மேசை தெரிந்தது.

மூன்று இரவும் அந்த ஒரு எண்ணுக்காகப் போயின. பாடத்தின் தலையில் பதிப்பு எண்ணும் தேதியும் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் கேட்பது இவ்வளவுதான்: எந்தப் பதிப்பில் எழுதினீர்கள், கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தீர்கள் என்று ஒவ்வொரு பாடத்திலும் ஒரு வரி போடுங்கள்.

எது எப்போது மாறியது என்று நூலகத்தை உருவாக்குகிறவர்கள் குறிப்பு எழுதித்தான் வைக்கிறார்கள். எந்தப் பதிப்பிலிருந்து புறப்பட்டோம் என்றே தெரியாதவருக்கு அதில் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? 2021-இல் 125-ஆம் பதிப்பில் வடிவங்களைக் கட்டப் பயன்பட்ட ஜியாமெட்ரி என்ற நிரல் வகுப்பையே (கிளாஸ்) நூலகத்தின் மையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை வைத்துத் தொடங்கும் பாடங்கள் இன்றும் புதியவர்கள் கையில்தான் கிடைக்கின்றன. அப்புறம், கோப்பை இரட்டை கிளிக் செய்து திறந்தால் மாட்யூல்கள் (தனிக் கோப்புகளாக இருக்கும் நிரல் துண்டுகள்) ஏறாது, கணினியில் ஒரு சின்ன சர்வர் ஓட வேண்டும் என்பதையும் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறீர்கள்.

இந்தத் துறைக்கே மறதி அதிகம். 1997-இல் எழுதிய சாதாரண எச்டிஎம்எல் பக்கம் இன்றும் திறக்கிறது. அதே ஆண்டு ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் தரமான விஆர்எம்எல் என்ற முப்பரிமாண மொழியில் கட்டிய உலகங்களை எந்த உலாவியும் தானாகத் திறப்பதில்லை. எத்தனை பேர் ராத்திரி கண்விழித்துக் கட்டியிருப்பார்கள்! அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

சரி, அது உங்கள் கையில் இல்லை. பழைய பாடங்களை எல்லாம் திருத்தி எழுதுங்கள் என்றும் கேட்கவில்லை. பதிப்பு எண், தேதி, அந்த ஒரு வரி போதும். 155-க்கு முந்தைய பாடமாக இருந்தால் விளக்கின் வலுவைக் கூட்டிப் பார்க்கச் சொல்லி அங்கேயே குறித்துவிடுங்கள். தயவுசெய்து இந்த வாரமே செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாடங்களில் படிக்கும் ஒருவர்