ஊரில் மாடு கட்டியிருக்கும் சிங்கப்பூர்த் தம்பிகளுக்கு

துவாஸிலும் சுங்கை காடுட்டிலும் காக்கி புக்கிட்டிலும் தங்கி வேலை பார்க்கிற, ஊரில் ஒன்றோ இரண்டோ கறவை மாடு வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளுக்கு, வணக்கம்.

"மாட்டுக்கு வயிறு ஊதிக் கெடக்கு, என்ன பண்றது?" என்று ஊரிலிருந்து போன் வராத டாமெட்டரி இங்கே இருக்காது. நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த போன் உங்களுக்கு வருவதற்கு முன்னால் கால்நடை டாக்டருக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு நீங்கள்தான் வீட்டில் முன்கூட்டியே அனுமதி கொடுத்துவைக்க வேண்டும்.

மாடு நம் சம்பளத்தில் வாங்கியது. ஐம்பதாயிரம், அறுபதாயிரம் போட்டு வாங்கிய ஜெர்சி கலப்பு. அதனால் டாக்டரைக் கூப்பிட்டால் செலவாகுமே, நம்மை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அம்மாவோ மனைவியோ காத்திருக்கிறார்கள். காலை ஐந்தரைக்குப் பால் கறக்கப் போகும்போது மாடு விழுந்து கிடந்தால் இங்கே எட்டு மணி. நாம் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நிற்போம், போன் லாக்கரில் கிடக்கும். டீ பிரேக்கில் எடுத்துப் பார்த்தால் வரிசையாக மிஸ்டு கால். வயிற்று உப்புசம் முற்றிவிட்டால் மாடு ஓரிரு மணி நேரம்கூடத் தாங்காது. அப்படி மாடு செத்தால், டாக்டர் தூரத்தில் இருந்தது ஒரு காரணம் என்றால், முடிவெடுக்கும் ஆள் சிங்கப்பூரில் இருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

என் அப்பா கால்நடை மருந்தகத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்தவர். மாட்டைக் கொண்டுவந்தால் அவர் முதலில் பார்ப்பது இடது பக்கம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். பெருவயிறு அந்தப் பக்கம்தான். நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கிற அந்த வயிற்றில் தீவனம் நொதித்துக் காற்று உண்டாகிக்கொண்டே இருக்கும், மாடு ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்கும். ஏப்பம் நின்றால் பள்ளம் மேடாகிவிடும். விரலால் சுண்டினால் தப்பு மேளம் மாதிரிச் சத்தம் வரும். வயிறு மேலே தள்ளி நுரையீரலை அழுத்த, மாடு கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே விட்டு மூச்சு வாங்கும். வீடியோ காலில் டார்ச் அடித்துக் காட்டும்போது முகத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். மாட்டுக்குப் பின்னால் நின்று இரண்டு பக்கமும் தெரியக் காட்டச் சொல்லுங்கள். இடது பக்கம் தூக்கியிருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அவர் வரும்வரை செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மாட்டைப் படுக்கவிடாமல், முன்னங்கால் இரண்டும் மேட்டில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். வாயில் குறுக்காக ஒரு வேப்பங்குச்சியைக் கட்டிவிட்டால் மென்றுகொண்டே எச்சில் விடும், ஏப்பமும் வரும். பனி ஈரத்தோடு குதிரைமசாலோ இளம் தட்டைப்பயறுக் கொடியோ நிறையத் தின்று ஊதியிருந்தால் உள்ளே இருப்பது நுரை. கொதிக்கும் பால் போல அது பொங்கி நிற்கும், ஏப்பமாக வெளியேறாது. அதற்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, பெரிய மாட்டுக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை கொடுத்தால் நுரை உடையும். நாக்கை இழுத்துப் பிடித்து, தலையை அண்ணாந்து தூக்கி மளமளவென்று ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். அப்புறம் உப்புசம் வடிந்தாலும் மாடு நிமோனியாவில் போகும். தலையை லேசாக மட்டும் உயர்த்தி, கடைவாய் ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்; இருமினால் உடனே நிறுத்த வேண்டும். தரையில் சாய்ந்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியாக எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் கலக்கச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கத்தியால் குத்திக் காற்றை விடலாம் என்பவரையும்தான். டாக்டர் அதற்கென்று குழலோடு கூடிய ஊசி வைத்திருக்கிறார், எந்த இடத்தில் இறக்குவது என்றும் அவருக்குத் தெரியும்.

மாங்கொட்டையோ பனங்கொட்டையோ தொண்டையில் சிக்கினாலும் வயிறு ஊதும். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். அங்கே எண்ணெய் ஊற்றினால் கேடுதான்.

எனக்கு அதிகம் கோபம் வருவது விசேஷ வீட்டுச் சோற்றைப் பற்றித்தான். காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று நம் பணத்தில் பந்தி நடக்கும். மிஞ்சிய சோறு வீணாகக் கூடாதென்று அண்டாவோடு கழுநீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். மாடு ஆசையாகத் தின்னும். பழக்கமில்லாமல் அவ்வளவு சோறு உள்ளே போனால் வயிறு புளித்து அமிலமாகிவிடும். மறுநாள் மாடு அசைபோடாது, புளித்த வாடையோடு கழியும், தள்ளாடும், கண் உள்ளே போகும். இதற்கு எண்ணெயால் ஒரு பிரயோஜனமும் இல்லை, டாக்டர் நரம்பில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிவரும். போன பொங்கலுக்கு இங்கே லிட்டில் இந்தியா கேம்பல் லேனில் கட்டியிருந்த மாட்டுக்குக்கூட ஒருவர் வாழைப்பழச் சீப்பை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். பாசம் இருக்கட்டும், ஒரு பழம் போதும் ஐயா.

சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்துத் தம்பிகள் மரவள்ளி இலையை மறக்கக் கூடாது. மழையில்லாமல் வாடிக் குட்டையாக நிற்கும் சோளப் பயிரும், அறுத்த பின் துளிர்க்கும் இளஞ்சோளமும் அப்படித்தான். அவற்றில் இருப்பது சயனைடு. மேய்ந்த கொஞ்ச நேரத்தில் மாடு மூச்சுத் திணறித் துடித்து விழும், வயிறும் ஊதும். உப்புசம் என்று நினைத்து எண்ணெய் தேடினால் நேரம் போய்விடும். இதற்கான மருந்து நரம்பில் ஏற்றுவது. என்ன மேய்ந்தது என்பதை டாக்டரிடம் போனிலேயே சொல்லிவிட வேண்டும்.

கன்று போட்டு இரண்டு மூன்று நாளுக்குள், நன்றாகப் பால் தரும் மாடு எழ முடியாமல் கழுத்தைப் பக்கவாட்டில் மடித்துக் கிடந்தால் காதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில்லென்று இருந்தால் பால் காய்ச்சலாக இருக்கலாம். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோவதுதான் காரணம். டாக்டர் கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றினால் பல மாடுகள் அங்கேயே எழுந்து நிற்கும். அதுவரை பக்கவாட்டில் சாயவிடாமல், நெஞ்சை ஊன்றி உட்காரும்படி வைக்கோல் மூட்டையை அண்டை கொடுக்க வேண்டும். சாய்ந்தால் ஏப்பம் போக வழியில்லாமல் வயிறு ஊதிக்கொள்ளும்.

காரணம் தெரியாமல் திடீரென்று செத்துக் கிடக்கும் மாட்டை மட்டும் யாரும் அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. செத்த மாடு எதுவாயிருந்தாலும் ஊதத்தான் செய்யும். ஆனால் மூக்கிலோ ஆசனவாயிலோ கறுத்த, உறையாத ரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகப்பட வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். டாக்டர் வந்தால் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார். பிறகு அவர் சொல்கிறபடி ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். தோல் வாங்குகிறவர் நல்ல விலை சொன்னாலும் வேண்டாம். இதேபோல் திடீரென்று மாட்டைக் கொல்லும் வேறு நோய்களான சப்பை நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி உண்டு. இந்த வருஷம் போட்டார்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பணம் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் பேசும்போது இதைச் சொல்லுங்கள்: "மாட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்க வேணாம். முதல்ல டாக்டர், அப்புறம் 1962, அதுக்கப்புறம் நான்." 1962 தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண், கூப்பிட வேண்டியது ஊரில் இருப்பவர்கள். பக்கத்து மருந்தக டாக்டர் எண்ணை மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைக்கச் சொல்லுங்கள், அம்மாவுக்கு போனில் பெயர் தேடத் தெரியாமல் இருக்கலாம். டாக்டர் செலவுக்கென்று கொஞ்சம் பணம் தனியாக அம்மா கையில் இருக்கட்டும், அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். காப்பீடு செய்திருந்தால் மாட்டின் காதில் அடையாளத் தோடு இருக்கிறதா என்று ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். தோடும் டாக்டர் சான்றிதழும் இல்லாமல் பணம் வாங்குவது கஷ்டம்.

அன்புடன்,
துவாஸிலிருந்து உங்களில் ஒருவன்