டீ ஆத்தவா போனே?

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தாயே, "டிப்ளமோ படிச்சவன், டீ ஆத்தவாடா கடல் தாண்டிப் போனே?" என்று. அதை வீட்டில் படித்துக் காட்டினேன். "பதில் எழுதுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்கிறாள் மனைவி.

1996ல் கப்பல் பட்டறைக்கு வந்ததும், பி.ஆர்., அதாவது நிரந்தரவாசம், கிடைத்ததும் உனக்குத் தெரியும். 2016ல் எண்ணெய் விலை தரைக்கு வந்தது. பட்டறையில் வேலை வறண்டு, என்னையும் அனுப்பிவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில் யார் வேலை தருவார்? தெரிந்தவர் ஒருவரின் பானக் கடையில் கிளாஸ் கழுவப் போனேன். மூன்று வருஷம். அப்புறம்தான் உணவங்காடியில் சொந்தக் கடைக்கு ஏலம் கேட்டேன். இரண்டு தடவை கை நழுவி, மூன்றாவதில் கிடைத்தது. உள்வாடகைக்கு விடக் கூடாது, எடுத்தவனே நின்று நடத்த வேண்டும். அதனால்தான் முதலாளி நானே டீ ஆத்துகிறேன்.

ஆத்துவது பெரிய வித்தை இல்லை. நம்மூரில் பால் காயும் வாசனைதான் டீக்கடை. இங்கே பால் டப்பாவில் வருகிறது. கிளாஸ் அடியில் இனிப்பான கெட்டிப்பால், மேலே துணி வடிகட்டியில் இறங்கிய சாயம், அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் காதுக்குத்தான். இருபது வருஷம் இங்கே டீ குடித்தவன்தான், ஆனால் கேட்டு வாங்குவது வேறு, கேட்பவனுக்குக் கொடுப்பது வேறு. கழுவப் போன முதல் வாரம் ஒரு சீனப் பெரியவர் "கோப்பி சி கோசோங் பெங், டா பாவ்" என்றார். நான் முழித்தேன். 'கோப்பி' காப்பி, 'தே' டீ. 'சி' என்றால் கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத டப்பா பால். 'கோசோங்' மலாய், வெறும் என்று பொருள், சர்க்கரை போடாதே. 'பெங்' ஹொக்கியன், ஐஸ். 'டா பாவ்' பார்சல். 'ஓ' என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. மைலோ என்ற சாக்லேட் பானத்துக்கு 'தாக் கியூ' என்பார்கள், பந்து உதைப்பது. டப்பாவில் ஒரு பையன் பந்து உதைத்துக்கொண்டிருப்பான், அதற்காக! இப்போது தூக்கத்தில் "தே ஓ பெங் ரெண்டு" என்று கத்துகிறேனாம். எந்த மொழி அது என்று என்னையே கேட்டால் தெரியாது.

கடை திறந்து ஐந்து மாதத்தில் கொரோனா. 2020 ஏப்ரல் 7லிருந்து ஜூன் நடுவரை யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. மேசைகளைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். சில நாள் வித்த காசு ஐஸுக்கே சரியாகப் போனது. அந்தப் பெரியவர், அதற்குள் என் கடைக்கு மாறியிருந்தார், தினமும் காலை ஆறு மணிக்கு மூடி போட்ட அலுமினியக் குவளையோடு வந்து நிற்பார். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வராது. குவளையை நீட்டுவார், போட்டுக் கொடுப்பேன். ஒருநாள் ஞாபகம் தப்பி சர்க்கரை போட்டுவிட்டேன். மறுநாள் குவளையை நீட்டாமல், ஒரு விரலை மட்டும் ஆட்டிக் காட்டினார். அந்த ரெண்டு மாசத்தில் நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது பரவாயில்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருப்பது மட்டும் பழகவே இல்லை. முழங்கால் வலியைப் பற்றி எழுதினால் நீயும் உன் வலியை எழுதுவாய், வேண்டாம்.

கல்யாணத் தேதியை இரண்டு மாதம் முன்னாடியே சொல்லிவிடு, ஒரு வாரத்துக்கு மேல் கடையைப் பூட்ட முடியாது. பாமணி ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்றும் எழுது. கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி டீ என் பொறுப்பு, கெட்டிப்பால் நானே கொண்டுவருகிறேன். சர்க்கரை 240 என்று எழுதியிருந்தாயே, உனக்கு மட்டும் ஓ கோசோங்.

உன்,
முருகையன்