எண்ணெய் இருந்த இடத்தில் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 பைக் பற்றிய கட்டுரை படித்தேன். '1985லேயே தண்ணீரால் குளிரூட்டப்பட்ட என்ஜினுடன் வந்து உலகைக் கலக்கிய வண்டி' என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். உலகைக் கலக்கியது உண்மைதான். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றுதான் புரியவில்லை.

அந்த வண்டியின் பெருமையே தண்ணீர் இல்லாததுதான். எடை குறைய வேண்டும் என்று சுசுகி பொறியாளர் எட்சுவோ யோகோவுச்சியின் குழு ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எண்ணெயையே நம்பியது. ஆயில் பம்பிலேயே இரண்டு பகுதி. ஒன்று வழக்கமான லூப்ரிகேஷனுக்கு. இன்னொன்று சிலிண்டர் ஹெட்டின் மேல் எண்ணெயைக் கொட்டிச் சூட்டை இழுப்பதற்கு. பிஸ்டனின் அடிவயிற்றிலும் ஜெட் வழியாக எண்ணெய் பீய்ச்சும். அதனால்தான் சுமார் 100 குதிரைத்திறனுள்ள நான்கு சிலிண்டர் வண்டியின் உலர் எடையை (பெட்ரோல், எண்ணெய் ஊற்றாத எடையை) 176 கிலோவில் நிறுத்த முடிந்தது. தண்ணீர் வந்தது 1992இல். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

நான் சிங்கப்பூரில் மெக்கானிக்காக இருந்தவன். ஒருநாள் பழைய மாடலை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பையன், கையில் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் டப்பாவோடு, "அண்ணே, இதை எங்கே ஊத்துறது?" என்று கேட்டான். முன்னால் தெரிந்த ஆயில் கூலரை ரேடியேட்டர் என்று நினைத்துவிட்டான். எங்கேயோ படித்தானாம். எங்கே என்று இப்போது விளங்குகிறது.

கட்டுரையோடு போட்ட படமாவது சரியா என்றால், அது 1996 மாடல். வண்டியின் சட்டமே (ஃபிரேம்) வேறு ஐயா! அந்த வருடம் பழைய தொட்டில் சட்டத்தைக் கைவிட்டு, ஆர்ஜிவி500 பந்தய வண்டியின் அளவுகளைப் பார்த்துப் புதிதாகச் செய்தார்கள். 1988இல் ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, குறைத்ததும், 1990இல் சத்தமில்லாமல் பழைய 48.7 மில்லிமீட்டருக்கே திரும்பியதும் ருசியான கதை. அதற்கு ஒரு வரி இல்லை. டாப் ஸ்பீடு மட்டும் மூன்று இடத்தில் வருகிறது.

இது இன்று நேற்று நடப்பதல்ல. கார்புரேட்டர் பற்றி நான் முன்பு எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக நறுக்கி, 'பாராட்டிய வாசகருக்கு நன்றி' என்று போட்டீர்கள். நான் பாராட்டவே இல்லை. அப்புறம் வாசகர் பக்கத்தில் பாதியை டயர் விளம்பரத்துக்குக் கொடுத்தீர்கள். சரி, பிழைப்பு நடக்க வேண்டும். ஆனால் விலையை ஏற்றும்போது மட்டும் 'தரத்துக்காக' என்று எழுதாதீர்கள், சிரிப்பு வருகிறது.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள், போதும். நான் அனுப்பிய 1986 மாடல் போட்டோவை நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை, திருப்பி அனுப்புங்கள். தபால்தலை ஒட்டிய கவரும் உள்ளேயே வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
தஞ்சாவூர்