கல்யாண ஆல்பம் ஏன் தாமதமாகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு, போட்டோக்காரர் இன்னும் ஆல்பம் தரலை" என்ற பேச்சைக் கேட்காத ஊர் இல்லை. புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் சோம்பலும் பேராசையும்தான் காரணம் என்று முடிவுகட்டுவது சரியில்லை. இந்தத் தொழில் எங்கே சிக்குகிறது என்று தெரிந்துகொண்டால், ஆர்டர் கொடுக்கும் அன்றே பாதிச் சிக்கலை அவிழ்த்துவிடலாம். தொழிலுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்ததைக் கல்யாண வீட்டாருக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எல்லாம் பஞ்சாங்கத்தில் தொடங்குகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியைப் பல வீடுகளில் தவிர்க்கிறார்கள். மிச்ச மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வந்துவிட்டால் ஊரில் உள்ள அத்தனை மண்டபமும் ஒரே நாளில் நிறைந்துவிடும். வருமானம் அந்தச் சில நாட்களில்தான் வரும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் வாங்கிய கடனுக்குத் தவணையோ பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும். நடுத்தர விலைக் கேமராக்களில், ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டரை 2 லட்சம் கிளிக் அளவுக்குச் சோதித்திருப்பதாகத் தயாரிப்பாளர்கள் சொல்வது வழக்கம். கல்யாணத்துக்கு 2,500 கிளிக் என்று வைத்தால் 80 கல்யாணத்தில் அந்த அளவை எட்டிவிடும். அதனால் வருகிற ஆர்டரை விட யாருக்கும் மனம் வராது. மாலையில் திருச்சியில் வரவேற்பு, இரவோடு இரவாகப் பயணம், விடிகாலை 4.30 மணிக்கு மதுரையில் முகூர்த்தம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். தூக்கமில்லாத அந்த ஒரு இரவில்தான் விபத்தும் நடக்கிறது, படங்களும் தொலைகின்றன.

படம் தொலைவது எப்படி என்று விளக்க வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா கோப்பு (பிறகு திருத்துவதற்கு ஏற்றபடி கேமரா பதியும் மூலக் கோப்பு) ஒன்று 25 முதல் 30 எம்.பி. வரை வரும். இரண்டு கேமராக்காரர்கள் சேர்ந்து 4,000 படம் எடுத்தால் 100 ஜி.பி.க்கு மேல். வீடியோ இன்னும் கனம்: நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜி.பி. ஆக, ஒரு கல்யாணம் 600 ஜி.பி.யைத் தாண்டும். சாதாரண ஹார்ட் டிஸ்கில் இதை ஒருமுறை ஏற்ற ஒன்றரை மணி நேரம்; இரண்டு பிரதி எடுக்க மூன்று மணி நேரம். அடுத்த ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இந்த மூன்று மணி நேரம் கிடைப்பதில்லை. கையில் போதிய மெமரி கார்டும் இல்லாவிட்டால், ஒரே பிரதி எடுத்த கையோடு கார்டை ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். அந்த ஒரே டிஸ்க் காரில் கீழே விழுந்தாலோ கேபிள் பாதியில் கழன்றாலோ ஒரு குடும்பத்தின் தாலிகட்டு போய்விடும்.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் பெரிதில்லை. இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டாவது கார்டை 'நிறைந்தபின் தொடர்' என்று வைக்காமல் 'பிரதி' என்று வைக்க வேண்டும். ஒவ்வொரு படமும் அப்போதே இரண்டு கார்டிலும் பதிவாகும். வெவ்வேறு இடங்களில் இருக்கும் இரண்டு டிஸ்கில் ஏறும்வரை எந்தக் கார்டையும் அழிக்கக் கூடாது. தவறி அழித்துவிட்டால் அந்தக் கணமே கார்டைக் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலும் அழிவது கோப்புப் பட்டியல்தான். மேலே புதிதாக எதுவும் எழுதாதவரை படத்தை மீட்க வாய்ப்பு உண்டு. ஆர்டர் கொடுக்கும் வீட்டார் விலையை மட்டும் கேட்காமல் "எத்தனை பிரதி எடுப்பீர்கள், முந்தின நாள் இரவு எங்கே வேலை?" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். தயங்காமல் பதில் சொல்பவரை நம்பிக் கொடுக்கலாம்.

அடுத்து வெளிச்சம். பலரும் அறியாத தாமதக் காரணம் இது. மேடையில் ஊதாவும் நீலமுமாகப் போடும் வண்ண எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்கு அழகாகத் தெரியும்; கேமராவில் முகம் முழுக்க ஒரே நிறமாகப் பதியும். தனி நீல ஒளியில் சிவப்பும் பச்சையும் பதிவாகவே இல்லை என்பதால் பிறகு எந்த மென்பொருளாலும் தோலின் நிறத்தை முழுதாகக் கொண்டுவர முடியாது. அப்படிப்பட்ட படங்களை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. நாட்கணக்கில் நேரம் போகிறது. சில விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் வீடியோவில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். மின்சாரம் இங்கே 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் சாதாரண விளக்குகளின் துடிப்பு அடங்கும். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்.இ.டி. திரை அதற்கும் அடங்காது. ஹோமப் புகை எழும்போது கேமராவின் தலையில் உள்ள ஃபிளாஷ் புகையைத்தான் வெளுக்க வைக்கும். பக்கவாட்டிலிருந்து விளக்கு அடித்தால் முகம் தெளியும். அலங்காரக்காரரிடம் வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: முகூர்த்த நேரத்தில் வண்ண விளக்கு வேண்டாம், வெள்ளை மட்டும். கெட்டிமேளம் ஒலிக்கும்போது மேடைக்கு முன்னால் கைபேசியை உயர்த்திக்கொண்டு நிற்பவர்களை விலக்கவும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அந்தச் சில நொடிகள் திரும்ப வராது, மறைத்து நிற்கும் உறவினரிடம் "நகருங்கள்" என்று சொல்ல கேமராக்காரருக்கு உரிமையும் இல்லை.

பெரும் தாமதம் படத் தேர்வில் நடக்கிறது. 40 ஷீட் ஆல்பத்துக்கு 200 முதல் 240 படம் தேவை. 4,000 படத்தையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து "செலக்ட் பண்ணுங்க" என்றால் எந்தக் குடும்பத்தாலும் முடியாது. கண் மூடியது, மங்கியது, ஒன்றுபோல இருப்பது எல்லாவற்றையும் கழித்து 800க்குள் தருவது போட்டோக்காரர் கடமை. அதை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளாமல் 15 நாளில் திருப்பித் தருவது வீட்டார் கடமை. மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், பெண் வீட்டில் ஒருவர் என்று பொறுப்பைக் கொடுத்துவிட்டால் வேலை ஓடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பி "இது வேண்டும்" என்று சொல்லாதீர்கள். அதில் கோப்பின் பெயர் மாறிவிடும். 4,000 படத்தில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். கோப்பு எண்ணை எழுதி அனுப்புங்கள், அல்லது ஆவணமாக அனுப்புங்கள். டிசைன் பார்வைக்கு வரும்போது பெயரின் எழுத்து, இனிஷியல், தேதி, நடுமடிப்பில் யார் முகமாவது விழுகிறதா, ஓரத்தில் யாராவது வெட்டுப்படுகிறார்களா என்று பாருங்கள். அச்சடித்த பிறகு ஒரு எழுத்து மாற்ற வேண்டுமென்றாலும் முழு ஷீட்டையும் மறுபடி அடிக்க வேண்டும்.

இந்த வேலையெல்லாம் எங்கே நடக்கிறது? சிறு ஊர்களில் பெரும்பாலும் வீட்டு முன்னறையில். டிஸ்கில் படம் ஏற்றுவது, செலக்‌ஷன் எண்களைச் சரிபார்ப்பது, ஆல்பம் அச்சடிக்கும் லேபுக்குப் போன் போடுவது, பாக்கிப் பணத்தை நினைவூட்டுவது என்று பல வீடுகளில் மனைவிதான் இரண்டாவது ஊழியர். அந்த உழைப்புக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. போட்டோக்காரர் சொல்லும் விலையில் அந்த உழைப்பும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விடும் சித்திரை, வைகாசியில் அப்பா ஊரிலேயே இருக்க மாட்டார். ஆடியில் அவர் வீட்டில் இருக்கும்போது பிள்ளைகள் பள்ளியில். மார்கழியில் வரும் அரையாண்டு விடுமுறை ஒன்றுதான் இருவருக்கும் பொதுவாகக் கிடைப்பது. அந்த நாட்களில் "ஆல்பம் என்னாச்சு" என்று பகல் முழுக்க அழைக்காமல், மாலையில் ஒரு நேரம் கேட்டு அழைக்கலாம்.

ஒப்பந்தம் ஒரு பக்கத் தாளில் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி நேரம், ஆல்பத்தின் அளவு, ஷீட் எண்ணிக்கை, செலக்‌ஷன் கொடுத்த நாளிலிருந்து எத்தனை நாளில் ஆல்பம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பணத்தைப் பதிவின்போது ஒரு பங்கு, கல்யாணத்தன்று பெரும்பங்கு, ஆல்பம் கைக்கு வரும்போது மிச்சம் என்று பிரிப்பது இருவருக்கும் பாதுகாப்பு. முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்தால் ஆல்பம் பின்தங்கும். பாதியைக் கடைசிவரை நிறுத்தினால் அச்சுச் செலவுக்கே போட்டோக்காரர் கடன் வாங்குவார்.

சட்டத்தையும் இருதரப்பும் அறிய வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். எனவே மணமகள் படத்தை விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் போட விரும்பும் போட்டோக்காரர் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். ரா கோப்புகளைக் கொடுப்பதா, எத்தனை மாதம் வைத்திருப்பது என்பதையும் தாளில் சேர்த்துவிடுங்கள். சண்டை அங்கேதான் வருகிறது. ட்ரோன் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலாகப் பறக்கவிடுபவருக்குச் சான்றிதழ் தேவை. அது இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

மண்டப உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 14 மணி நேரம் நின்று வேலை செய்யும் குழுவுக்குப் பூட்டக்கூடிய ஒரு சிறு அறையும், பேட்டரி ஏற்ற நான்கு பிளக் பாயிண்டும் ஒதுக்குங்கள். பல லட்சம் மதிப்புள்ள பை மேடைக்குப் பின்னால் நாற்காலிக்கடியில் கிடக்கிறது. அந்த அறை இருந்தால் சடங்குகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் முதல் பிரதியை மண்டபத்திலேயே எடுத்துவிடலாம். வரவேற்பு தொடங்குமுன் குழுவுக்குச் சாப்பாடு போடச் சமையல்காரரிடம் சொல்லிவையுங்கள். பந்தியையும் அவர்கள்தான் படம் எடுக்க வேண்டும், தொடங்கியபின் உட்கார நேரமிருக்காது.

இப்படிக்கு,
திருமணப் படப்பிடிப்புத் தொழிலில் இருக்கும் வாசகர்,
கும்பகோணம்.